குஞ்சுகள் பறக்கும் வரைக்கும்

என் கணவருக்கு வெடிச்சத்தம் ஆகாது. தொண்ணூறில் முஸ்லிம்களை இயக்கம் விரட்டி, மன்னாரை விட்டு எல்லோரும் படகேறியபோது அவர் மீசை அரும்பாத பையன். அந்த நாட்களில் என்னென்ன சத்தம் கேட்டார் என்று என்னிடம்கூட வாய் திறந்ததில்லை. ஆனால் ரோட்டில் ஒரு லொறி டயர் வெடித்தாலே போதும், கையிலிருக்கும் தேத்தண்ணிக் கோப்பை ஆடும். இடுப்புச் சாரத்தில் சிந்தும். நான் அதைக் காணாதவள்போல அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யுத்தம் முடிந்து, இனி நாட்டில் சத்தமே இல்லை என்று எல்லோரும் சொல்லத் தொடங்கிய பிறகு அந்த மனிதருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? வெடி போடுகிற வேலை. நசீபு, எழுதிய விதி என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பதைத் தவிர வேறென்ன செய்ய?

கரைத்தீவில் உப்புநீர்க் களப்பை ஒட்டி எங்கள் வீடு. பின்னால் கிடுகு வேலி, வேலிக்கு அப்பால் சேறு, சேற்றில் வேர்விட்டு நிற்கும் ஒரு கண்டல் மரக்காடு. காடு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் பொழுது சாயும் மகரிபுக்கு முன் அதைச் சுற்றி வந்துவிடலாம். அதற்குப் பக்கத்தில் இறால் தொட்டிகள். முதலாளி சிலாபத்து ஆள், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர், சிங்களத்தையும் தமிழையும் குழைத்துக் கதைப்பவர், என் கணவரை நானா என்றும் என்னை நோனா என்றும் கூப்பிடுவார். அவருடைய தொட்டிகளுக்கு என் கணவர்தான் பறவைக் காவல்.

கொக்கும் நீர்க்காகமும் இறாலைத் தின்னும். தின்பதோடு விட்டாலும் பரவாயில்லை, ஒரு தொட்டியில் கொத்தியதை இன்னொரு தொட்டியில் போட்டு நோயையும் பரப்பும். அதனால் விரட்ட வேண்டும். ஆனால் விரட்டுகிறவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு விரட்ட வேண்டும். நோய் கண்ட இறால் அடியில் கிடக்காது, மேலே வந்து கரையோரமாகத் தள்ளாடும். அது நம் கண்ணில் படுமுன் கொக்கின் கண்ணில் பட்டுவிடும். ஆகவே ஒரு தொட்டியில் பறவைகள் திடீரென்று குவிந்தால் முதலில் செய்ய வேண்டியது, தீன் போட்டுத் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருக்கும் தட்டைத் தூக்கி இறாலைப் பார்ப்பது. வேளைக்கே கண்டுபிடித்தால் மிச்சத்தையாவது பிடித்து விற்கலாம். இறால் தொழிலில் கால் வைத்த எல்லோருக்கும் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. முதலாளிக்கும் தெரியும், என் கணவருக்கும் தெரியும், அவர் சொல்லிச் சொல்லி எனக்கும் தெரியும்.

முதலில் தகரம்தான் தட்டினார். தகரச் சத்தம் கொக்குகளுக்குப் பழகிப்போனது. அவர் தட்டத் தட்ட அவை பக்கத்திலேயே நின்று இறகு கோதிக்கொண்டிருந்தன. அதன்பிறகு சரவெடி வந்தது. ஒரு வெடி வெடித்ததும் தொட்டிகளிலிருந்த பறவைகள் மட்டுமல்ல, கண்டலிலிருந்த அத்தனையும் எழும்பும். குசினி யன்னலில் நின்று பார்த்தால், வெள்ளைப் புடைவையை யாரோ உதறினாற்போல இருக்கும். வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த கழுதைகள் வாலைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஓடும். எங்கள் நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தால் அடுத்த வேளைச் சோற்றுக்கும் வெளியில் வராது. இவர் பாவம், திரியில் நெருப்பு வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருப்பார். பறவைகளை விட வெடிக்கு அதிகம் பயந்தது அந்த வெடியைப் போட்டவர்தான் என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் சிரிக்க மாட்டார்.

எனக்குப் பறவை என்றால் உயிர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொக்குகள் கூடு கட்டும் காலத்தில் எங்கள் வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும் அந்த நாற்றம். மீன் அழுகிய நாற்றம், பீ நாற்றம். கொடியில் காயப்போட்ட தொழுகைப் புடைவையில் வந்து எச்சம் போடும். நான் வாயில் வந்தபடி ஏசியிருக்கிறேன். ஒருநாள் விளக்குமாறை எடுத்து வானத்தைப் பார்த்து ஆட்டியிருக்கிறேன்.

ஒரு மாசி மாதம் இவர் வெடி போட்ட கையோடு வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பென்று ஏதோ விழுந்தது. போய்ப் பார்த்தால் கொக்குக் குஞ்சு. இறகு சரியாக முளைக்கவில்லை, தலையில் மட்டும் பூனைமயிர் மாதிரிக் கொஞ்சம் நட்டுக்கொண்டு நின்றது. தாய் பதறி எழும்பும்போது கூட்டிலிருந்ததும் பதறி விழுந்திருக்கிறது. பெரிய உடும்பு மாதிரியான கபரக்கொய்யா அதற்குள் மோப்பம் பிடித்து வந்துவிட்டது. கம்பால் அடித்துத் துரத்திவிட்டுக் குஞ்சைத் தூக்கி வந்து, கூடையில் பழைய சாரத்தைப் போட்டு வைத்தேன். சூடை மீனைக் கிள்ளிக் கொடுத்தேன். விழுங்கியது. எனக்கு ஒரே பெருமை. விடிந்து பார்த்தபோது விறைத்துக் கிடந்தது. இவ்வளவு சின்ன உடம்புக்காக ஒரு பெரிய மனுஷி அழுதாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அழுதேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெடிக்கும் எனக்குக் காது அந்த வேலியில்தான். தொப், தொப் என்று விழுகிற சத்தத்தைக் கேட்கப் பழகினால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது. இவரோடு சண்டை பிடித்தேன். "என்னோட சண்டை புடிச்சி என்ன புள்ள செய்யிற? நான் போடாட்டி வேற ஒருத்தன வெச்சிப் போடுவாங்க" என்றார். அதுவும் சரிதான். ஆகவே அடுத்த வருஷம் கூடு கட்டத் தொடங்கியதும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலாளியிடம் நானே போனேன். இவர் பின்னால் வந்தார், ஏதோ தலைமையாசிரியரிடம் கூட்டிப்போகும் பிள்ளை மாதிரி.

முதலாளி தொட்டிக் கரையில் நின்று கையடக்கத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். முடிக்கும் வரை நிற்கும் பொறுமை எனக்கு இருக்கவில்லை.

"முதலாளி, அந்தக் கண்டல் பக்கம் வெடி போட வேணாம்" என்றேன். "முழுக்க வேணாமெண்டு சொல்லல்ல. குஞ்சு பறக்கிற வரைக்கும் போதும். அதுக்குப் பொறகு ஒங்கட இஷ்டம்."

"நோனா, கொக்கு என்ட றாலத் தின்னுது. நான் கொக்குக்குத் தீன் போடவா தொட்டி வெட்டின?"

"தொட்டி வெட்ட முந்தி இந்தக் கண்டல் களப்பு வரைக்கும் நிண்டது. அதுல முக்கால்வாசிய வெட்டினது ஆரு? கொக்கா வெட்டின?"

இவர் பின்னாலிருந்து என் முக்காட்டை மெல்ல இழுத்தார். நான் நிறுத்தவில்லை. விழுந்த குஞ்சைப் பற்றி, கபரக்கொய்யாவைப் பற்றி, கூடையைப் பற்றி எல்லாம் சொன்னேன். முதலாளி கெட்ட மனிதர் இல்லை. அதை நான் எங்கேயும் சொல்வேன். தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கண்டலைப் பார்த்தார்.

"ஹரி, ஹரி, சரி நோனா. குஞ்சு பறக்கும் மட்டும் அந்தப் பக்கம் வெடி இல்ல. நானா கரையால நடந்து வெரட்டட்டும்." பிறகு இவரைப் பார்த்துச் சிரித்தார். "றாலுக்கு ஒண்டு நடந்தா ஒங்கட நோனாதான் பொறுப்பு."

நாங்கள் மூவரும் சிரித்தோம்.

அந்த நாட்களைப் பற்றி நிறையச் சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் சொல்வதற்கு அதிகம் இல்லை. சும்மா இருந்த நாட்கள் அவை. இவர் தொட்டிக் கரையால் நடந்து கையைத் தட்டித் தட்டி விரட்டுவார், வெயில் ஏறினால் குடையை விரித்து விரித்து மூடுவார். நிம்மதியாகத் தூங்கினார். அஸருக்குப் பிறகு நாங்கள் இருவரும் வேலியோரம் உட்கார இரண்டு கதிரையைப் போட்டுக்கொண்டு கண்டலைப் பார்ப்போம். குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளைக்கு ஏறிவிட்டன. காற்றடித்தால் சிறகை விரித்துச் சமாளித்துக்கொண்டு நிற்கும். "இன்னும் கொஞ்ச நாள்தான் புள்ள, பாரு எப்படி அடிச்சிப் பாக்குது" என்பார். தேத்தண்ணி குடிப்பார். கோப்பை ஆடாது.

ஊர்ச் சத்தத்தையும் நான் விடவில்லை. அடுத்த தெருக் கலியாண வீட்டுக்குப் போய், மாப்பிள்ளை வரும்போது வெடி கொளுத்த வேண்டாம் என்று கேட்டேன். களப்புக்கு அக்கரையில், ஆலங்குடாப் பக்கத்து ஹோட்டல்காரர் வருஷப் பிறப்புக்கு வாணம் விடுவார்கள், அதன் வெளிச்சம் மட்டும் இங்கே தெரியும். அதுபோல நீங்களும் வெளிச்சம் மட்டும் காட்டுங்களேன் என்றேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஊரில் "கொக்கு ராத்தா", கொக்கு அக்கா என்று பெயர். மாப்பிள்ளை வந்தபோது வெடி கொளுத்தவில்லைதான். அதற்குப் பதிலாக வான் வண்டியில் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் ஏற்றி வந்து பாட்டுப் போட்டார்கள். எங்கள் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கண்டலும் எழும்பியது, ஆனால் திரும்ப இறங்கிவிட்டது. அதுவே போதும் என்று இருந்தேன்.

பிறகு பருவமில்லாத மழை பெய்தது. பங்குனியில் அப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. உவர்த் தண்ணீரில் நல்ல தண்ணீர் திடீரென்று கலந்தால் இறாலுக்கு ஆகாது. முதலாளி பயந்துபோய் இரண்டு நேரமும் வந்து பார்த்தார். தட்டைத் தூக்கிப் பார்த்தார்கள், தண்ணீரைச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. மழை விட்டது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள், விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வேலைக்குப் போன மனிதர் போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"புள்ள, கண்டல் பக்கத் தொட்டி முழுக்கக் கொக்கு. கையத் தட்டினா எழும்புதில்ல. குடைக்கும் எழும்புதில்ல. வெடியில்லாமப் பயம் வுட்டுப்போச்சி."

இதுதான் நடந்தது. இதை நான் எத்தனையோ தடவை புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். பறவை குவிந்தால் தட்டைத் தூக்கிப் பார் என்பது அவருக்குத் தெரியாதா? தன் பெயரைப் போலத் தெரியும். வெடி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அப்படிக் குவிந்திருந்தால் ஓடிப்போய் முதல் வேலையாகத் தட்டைத்தான் தூக்கியிருப்பார். ஆனால் இப்போது வெடி இல்லையே. வெடி இல்லாததால் வந்திருக்கிறது என்று ஒரு காரணம் கண்ணுக்கு முன்னால் தயாராக நிற்கும்போது, யார் இன்னொரு காரணத்தைத் தேடுவார்கள்? அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தொலைபேசியில் கேட்ட முதலாளிக்கும் தோன்றவில்லை.

முதலாளி வரும்போதே கையில் ஒரு பெட்டி. ஆனை வெடி. காட்டுப் பக்கம் வயல்களில் யானை வந்தால் போடுவது. எங்கே பிடித்தாரோ தெரியாது.

"போதும் நானா. நோனாட கதையக் கேட்டு நான் மடையனாகிப்போன" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை இவர் கையில் கொடுத்தார். "தொட்டியில மட்டும் போட்டுச் சரிவராது. கண்டலுக்குள்ளயே போடுங்க."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "இன்னும் கொஞ்ச நாள்தானே முதலாளி! பறக்கப் போகுதே!" அவர் திரும்பவில்லை. "இஞ்சாருங்கோ, போடாதீங்கோ" என்று இவரைக் கூப்பிட்டேன். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? என்னைக் கேட்டுக்கொண்டு நின்றார், நான் என்ன செய்ய என்று. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது, அது எனக்கும் தெரியும். நான் வாயை மூடினேன். அவர் சேற்றில் இறங்கினார்.

ஆனை வெடி வெடிப்பதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அது சத்தமில்லை, அடி. நெஞ்சில் விழுந்தது. கண்டலில் இருந்த அத்தனையும் ஒன்றாக எழும்பின. ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு எழும்பின. கிளைகளில் சிறகடித்துப் பழகிய குஞ்சுகளும் தாயைப் பார்த்துத் தாவின. பறக்கத் தெரியாமல் பறந்தன. சேற்றில் விழுந்தன, கண்டல் வேர்களில் விழுந்தன, தண்ணீரில் விழுந்தன. அடுத்த வெடி, அதற்கு அடுத்த வெடி. காகங்கள் எங்கிருந்துதான் வந்தனவோ. கபரக்கொய்யாக்கள் அவசரமே இல்லாமல் வந்தன. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினேன். எதை எடுப்பது? எடுத்ததை எங்கே வைப்பது? ஒரு குஞ்சைக் கிளையில் ஏற்றி வைத்தேன், அது திரும்பவும் விழுந்தது. கூடை நிறைந்தது. நிறைந்த கூடையோடு நடுச் சேற்றில் நின்றுகொண்டு, இதை வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மகரிபுக்குக் கொஞ்சப் பறவைகள் திரும்பி வந்து கண்டலுக்கு மேலே சுற்றின. அவற்றுக்கும் வெடி. மறுநாளும் வெடி. அதற்குப் பிறகு சுற்றுவதற்கும் ஒன்றும் வரவில்லை. கூடையில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. நான் இவரோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டுக் கோப்பையை வைத்துவிட்டு அப்பால் போய்விடுவேன். அவரும் கதைக்கவில்லை. கூப்பிட்டால் சில நேரம் திரும்பிப் பார்க்கவில்லை. ரோஷத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். ஆனை வெடியில் அவர் காது கேளாமல் போயிருந்தது பிறகுதான் தெரிந்தது.

தொட்டி சுத்தமாக இருந்தது, ஒரு பறவை இல்லை. முதலாளிக்குத் திருப்தி. வெடி போடுகிற அவதியில் சில நாள் பார்க்காமல் விட்ட தட்டை ஒரு காலை இவர் தூக்கினார். போட்ட தீன் போட்டபடியே இருந்தது. அதன் மேல் சிவந்துபோன இறால், ஓட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. கரையோரம் காலால் துழாவினார், அடி முழுக்கச் செத்த இறால். பக்கத்துத் தொட்டியிலும் அதே. அதற்குப் பக்கத்திலும்.

முதலாளி வந்து கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக் காற்சட்டையில் சேறு பட்டதைக் கவனிக்கவில்லை. நான் வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள் நன்றாக வேண்டும் என்று நினைக்கத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்ததும் அதுவும் வரவில்லை.

"கொக்கு குமிஞ்ச அண்டைக்கே தட்டத் தூக்கிப் பாத்திருந்தா" என்றார்.

"ஓம் முதலாளி" என்றார் இவர். அது மட்டும் எப்படியோ அவருக்குக் கேட்டிருக்கிறது.

ஊரில் என்னைச் சொல்லாமல் இல்லை. கொக்கு ராத்தா வெடியை நிறுத்தப் போய்த்தான் முதலாளிக்கு நோய் பிடிபடாமல் போனது என்றார்கள். கேட்டவர்களுக்கு நல்ல பதில் கொடுத்தேன். வெடியே போடாத தொழிலாக இருந்திருந்தால் கொக்கு குவிந்ததும் விளங்கியிருக்கும் என்றேன். என் கதையில் நியாயம் இருந்தது, அவர்கள் கதையிலும் இருந்தது. இரண்டு நியாயத்தாலும் ஒரு குஞ்சுகூடப் பறக்கவில்லை.

முதலாளி தொட்டிகளைக் கைவிட்டுவிட்டுச் சிலாபத்துக்கே போய்விட்டார். தொட்டித் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்கள் நின்றன, ஜெனரேட்டர் நின்றது. இவர் உப்பளத்தில் மூட்டை தூக்கப் போகிறார். எங்கள் வீட்டுப் பின்பக்கம் இப்போது அப்படி ஒரு அமைதி. நான் கேட்டது இந்த அமைதியைத்தான். அடுத்த மாசி வந்தது. கண்டலில் எச்சம் எல்லாம் மழையில் கழுவப்பட்டு இலை பச்சைப் பசேலென்று இருந்தது. கொடியில் துணி சுத்தமாகக் காய்ந்தது. நான் இரண்டு கதிரையையும் வேலியோரம் போட்டு வைத்தேன். பங்குனியும் போனது. ஒற்றைக் கொக்கு ஒன்று வந்து, கிளையில் நின்று, நாலாபக்கமும் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

நோன்பு முடியும் நாள் வந்தது. தலைப்பிறை தெரிகிறதா என்று எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நோன்பு திறந்துவிட்டு நாங்கள் வேலியோரம் இருந்தோம். இவர் கையில் தேத்தண்ணி. பள்ளிவாசல் பக்கம் "பிறை, பிறை" என்று சத்தம் கேட்டது, உடனே பெரிய சரவெடி ஒன்றைக் கொளுத்தினார்கள். நாய் கட்டிலுக்கடியில் ஓடியது. நான் பழக்கத்தில் கண்டலைத் திரும்பிப் பார்த்தேன். நான் திரும்பியதைக் கண்டு இவரும் பார்த்தார்.

"வெடியா புள்ள?" என்று கேட்டார்.

"ஓம்" என்று தலையாட்டினேன்.

வெடி இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. இவர் கண்டலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் எழும்பவில்லை. கண்டல் இருட்டிக்கொண்டு வந்தது.

"அப்ப போடட்டும்" என்றார். "இனி ஆர் போட்டா என்ன."

மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார். கோப்பை ஆடவில்லை.